செருப்பிலும் லாரி டயரிலும் ஏறி வரும் பறவைக் காய்ச்சல்: பண்ணை வாசலிலேயே தடுப்பது எப்படி?

சென்னை,

மயிலாப்பூர், தி.நகர், அடையாறு பகுதிகளில் ஞாயிற்றுக்கிழமை காலை என்றால் கோழிக்கறி கடைகளில் கூட்டம் அலைமோதும். ஆனால் எங்கேயோ ஒரு ஊரில் பறவைக் காய்ச்சல் என்று டி.வி.யில் செய்தி வந்து விட்டால் போதும். அடுத்த வாரமே வியாபாரம் படுத்து விடும். "சிக்கன் வாங்கலாமா, முட்டை சாப்பிடலாமா?" என்று வீட்டுக்கு வீடு இதே பேச்சாகத்தான் இருக்கும்.

இந்த பகுதிகளில் பெரிய கோழிப்பண்ணை எதுவும் கிடையாது. முட்டை நாமக்கல்லில் இருந்து வருகிறது. கறிக்கோழி திருவள்ளூர் மாவட்டம், பல்லடம் பக்கம், ஆந்திரா என்று பல இடங்களில் இருந்து லாரியிலும் வேனிலும் வந்து இறங்குகிறது. அதனால் நோயை தடுக்க வேண்டிய முதல் இடம் பண்ணை வாசல்தான். அங்கே ஒருவர் அசட்டையாக இருந்தால் பண்ணைக்காரர் முதல் இங்கே கடையில் கோழி உரிக்கும் தொழிலாளி வரை அத்தனை பேர் பிழைப்பும் போய் விடும்.

இதுபற்றிய விவரம் வருமாறு:-

எங்கிருந்து வந்தது?

பறவைக் காய்ச்சல் ஒரு வைரஸ் நோய். இதில் எச்5என்1 என்ற ரகம் ரொம்ப ஆபத்தானது. 1996-ம் ஆண்டு சீனாவில் குவாங்டாங் மாகாணத்தில் பண்ணை வாத்துகளிடம் இது கண்டுபிடிக்கப்பட்டது. 1997-ல் ஆங்காங்கில் 18 பேரை தாக்கியது. அதில் 6 பேர் இறந்தனர்.

இந்தியாவில் முதன் முதலாக 2006 பிப்ரவரியில் மராட்டிய மாநிலம் நவாப்பூர் பண்ணைகளில் தலைகாட்டியது. நவாப்பூருக்கும் நாமக்கல்லுக்கும் இடையே 1000 கிலோ மீட்டருக்கும் அதிக தூரம். இருந்தாலும் பீதியால் தமிழ்நாட்டிலும் முட்டை, கறிக்கோழி விலை மளமளவென்று சரிந்தது.

2008-ல் மேற்கு வங்காளத்தில் சுமார் 40 லட்சம் கோழி, வாத்துகள் அழிக்கப்பட்டன. 2021 ஜனவரியில் கேரளாவின் ஆலப்புழை, கோட்டயம் மாவட்டங்களில் வாத்துகள் செத்தன. 2024 பிப்ரவரியில் சென்னைக்கு பக்கத்திலேயே, ஆந்திராவின் நெல்லூர் மாவட்டத்துக்கு வந்து விட்டது. 2025 பிப்ரவரியில் கிழக்கு கோதாவரி, மேற்கு கோதாவரி மாவட்ட பண்ணைகளில் கோழிகள் கொத்துக் கொத்தாக செத்து விழுந்தன.

அதே ஆண்டு மார்ச்சில் ஆந்திராவில் 2 வயது பெண் குழந்தை ஒன்று பறவைக் காய்ச்சலால் இறந்தது. சமைக்காத பச்சை கோழிக்கறி துண்டை அந்த குழந்தை சாப்பிட்டது பிறகு தெரிய வந்தது.

பண்ணைக்குள் நுழைவது எப்படி?

காட்டு வாத்து போன்ற நீர்ப்பறவைகளின் குடலில் இந்த வைரஸ் இருக்கும். பல சமயம் அவற்றுக்கு ஒன்றும் ஆகாது. பறந்து போகிற வழியில் எச்சம் போடும். அக்டோபர் முதல் மார்ச் வரை பழவேற்காடு, பள்ளிக்கரணை, வேடந்தாங்கல் நீர்நிலைகளுக்கு வெளிநாட்டு பறவைகள் வரும். அந்த மாதங்களில் பண்ணைக்காரர்கள் கூடுதல் உஷாராக இருக்க வேண்டும்.

ஆனால் பறவையே நேராக கொட்டகைக்குள் வர வேண்டும் என்பதில்லை. எச்சத்தை மிதித்த செருப்பு போதும். இன்னொரு பண்ணைக்கு போய் வந்த தீவன லாரியின் டயர் போதும். கடையில் கோழி இறக்கி விட்டு திரும்புகிற காலி கூண்டு, பழைய முட்டை அட்டை, ஊர் ஊராக போகிற தடுப்பூசி ஆள், கம்பெனி சூப்பர்வைசர் என்று எது மூலமாகவும் நோய் உள்ளே வந்து விடும்.

4 டிகிரி குளிரில் கோழி எச்சத்தில் இந்த வைரஸ் 35 நாள் வரை உயிரோடு இருக்கும். 37 டிகிரி வெயிலில் கூட 6 நாள் தாங்கும். "பத்து நாளைக்கு முன்னாடி போன பண்ணைதானே" என்று அலட்சியமாக இருக்க முடியாது.

வாசலில் என்ன செய்ய வேண்டும்?

* பண்ணைக்கு ஒரே வாசல் இருப்பது நல்லது. வேலை இல்லாத ஆளை உள்ளே விடக்கூடாது. யார் வந்தார், எந்த வண்டி வந்தது என்று நோட்டில் எழுதி வைக்க வேண்டும்.

* வண்டியை வாசலிலேயே நிறுத்தி டயர், அடிப்பாகத்தில் கிருமி நாசினி அடிக்க வேண்டும்.

* கொட்டகை வாசலில் கால் நனைக்க மருந்து தொட்டி வேண்டும். அதில் பல பேர் செய்கிற தப்பு, எச்சம் ஒட்டிய செருப்போடு அப்படியே இறங்குவது. அழுக்கு சேர்ந்தால் மருந்து வேலை செய்யாது. முதலில் தேய்த்து கழுவி விட்டுத்தான் தொட்டியில் கால் வைக்க வேண்டும். மருந்து தண்ணீரை தினமும் மாற்ற வேண்டும்.

* பண்ணைக்குள் போட தனி செருப்பு, தனி துணி வைக்க வேண்டும். வேலை ஆட்கள் தங்கள் வீட்டில் நாட்டுக்கோழி, வாத்து வளர்க்கக்கூடாது.

* பக்கவாட்டில் வலை அடித்து காக்கா, குருவி நுழையாமல் பார்க்க வேண்டும். சிந்திய தீவனத்தை உடனே அள்ளி விட வேண்டும். குளத்து தண்ணீரை அப்படியே கோழிக்கு வைக்கக்கூடாது. குளோரின் கலந்து கொடுக்க வேண்டும்.

* காகித முட்டை அட்டையை கழுவ முடியாது. அதை திரும்ப பண்ணைக்குள் எடுத்து வரவே கூடாது. பிளாஸ்டிக் கூண்டு, பிளாஸ்டிக் டிரேயை கழுவி மருந்தில் நனைத்து காய வைத்த பிறகுதான் உள்ளே எடுக்க வேண்டும்.

* கறிக்கோழி பண்ணையில் ஒரு பேட்ச் முழுவதையும் ஒன்றாக விற்று, கொட்டகையை கழுவி சுண்ணாம்பு அடித்து, சில நாள் காலியாக போட்டு விட்டு அடுத்த குஞ்சு விட வேண்டும். கோழியோடு வாத்து வளர்க்கவே கூடாது.

அடையாளம் என்ன?

நேற்று வரை நன்றாக தீனி எடுத்த கோழிகள் திடீரென்று கும்பலாக சாவதுதான் முதல் அடையாளம். கொண்டையும் தாடியும் நீலம் பாய்ந்து விடும். தலை வீங்கும். காலில் ரத்த திட்டு தெரியும். முட்டை சட்டென்று குறையும், தோல் முட்டை விழும்.

வெள்ளைக்கழிச்சல் நோயிலும் இதே மாதிரி சாவு வரும் என்பதால் கண்ணால் பார்த்து முடிவு செய்ய முடியாது. மாதிரி எடுத்து போபாலில் உள்ள உயர்பாதுகாப்பு விலங்கு நோய் ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். அங்கே சோதித்துத்தான் உறுதி செய்வார்கள்.

மறைத்தால் நஷ்டம்

இங்கேதான் பெரிய ஆபத்து இருக்கிறது. கோழி சாக ஆரம்பித்ததும் மிச்சம் இருப்பதை அரை விலைக்கு தள்ளி விட சிலர் நினைப்பார்கள். செத்ததை மூட்டை கட்டி வாய்க்காலில் வீசி விடுவார்கள். அப்படி செய்தால் காக்கா, நாய், அடுத்த பண்ணை என்று நோய் பரவி விடும்.

நோய் உறுதியானால் சுற்றி 1 கிலோ மீட்டருக்குள் இருக்கும் கோழிகள் அழிக்கப்படும். 10 கிலோ மீட்டர் வரை கண்காணிப்பு இருக்கும். மத்திய அரசு திட்டப்படி, அழிக்கப்படும் கோழிகளுக்கு மத்திய, மாநில அரசுகள் பாதிப் பாதி போட்டு இழப்பீடு கொடுக்கின்றன. நோயில் தானாக செத்த கோழி அந்த கணக்கில் வராது. சீக்கிரம் சொன்னவருக்கு ஓரளவு பணமாவது மிஞ்சும். மறைத்தவருக்கு கோழியும் போகும், காசும் போகும். கால்நடை தொற்றுநோய் தடுப்பு சட்டம் 2009-ன்படி தகவல் சொல்வது கட்டாயமும் கூட.

கறிக்கடையில் வேலை செய்பவர்கள்

உலகம் முழுக்க 2003-க்கு பிறகு 900-க்கும் அதிகமானோரை எச்5என்1 தாக்கி இருக்கிறது. ஏறக்குறைய பாதிப்பேர் இறந்து விட்டனர். பெரும்பாலோர் நோய் வந்த கோழியை, செத்த கோழியை நேரடியாக தொட்டவர்கள். மனிதரிடம் இருந்து மனிதருக்கு இது எளிதில் தொற்றுவதில்லை.

அதனால் அதிக கவனம் தேவைப்படுவது பண்ணை ஆட்களுக்கும், கூண்டு தூக்கி, கோழி அறுத்து, உரிக்கிற கடை தொழிலாளிகளுக்கும்தான். கையுறை, மாஸ்க் போட வேண்டும். வேலை முடிந்ததும் சோப்பு போட்டு கை கழுவ வேண்டும், சாதாரண சோப்பே இந்த வைரசை கொன்று விடும். கூண்டில் செத்துக் கிடந்த கோழியை உரிக்கவே கூடாது. கடை கழிவை கால்வாய் ஓரம் கொட்டக்கூடாது. காய்ச்சல், இருமல், கண் சிவப்பு வந்தால் கோழி வேலை செய்வதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லி விட வேண்டும்.

வீட்டில் சாப்பிடலாமா?

தாராளமாக சாப்பிடலாம். 70 டிகிரி சூட்டில் கறி உள்வரை வெந்தால் வைரஸ் செத்து விடும். நம்ம ஊர் குழம்பு தளதளவென்று கொதிப்பதால் அந்த சூடு வந்து விடும். பிரிட்ஜில் வைத்தால் வைரஸ் சாகாது.

நோய் பரவும் சமயத்தில் ஆப்பாயில், பச்சை முட்டை வேண்டாம். மஞ்சள் கரு கெட்டியாகும் வரை வேக விட வேண்டும். பச்சைக்கறி நறுக்கிய கத்தியை கழுவாமல் வெங்காயம், தக்காளி நறுக்கக்கூடாது. எடுத்து கடிக்கிற வயசில் குழந்தை இருந்தால் பச்சைக்கறி பாத்திரத்தை எட்டாத இடத்தில் வைக்க வேண்டும்.

தெருவில் காக்காக்கள் கூட்டமாக செத்துக் கிடந்தால் கையால் தொட வேண்டாம். மாநகராட்சிக்கு 1913 என்ற எண்ணில் சொல்லலாம். பண்ணையில் கோழி செத்தால் உடனே பக்கத்து கால்நடை ஆஸ்பத்திரியில் தகவல் கொடுக்க வேண்டும்.