பெயிண்ட் உரிந்த காரும் ஐப்பசி மழையும்

பழனிக்கு வடக்கே கீரனூர், தொப்பம்பட்டி பக்கம் தோட்டத்து வீடுகளில் பழைய கார் நிற்பது சாதாரணம். அப்பா காலத்து அம்பாசிடர், கல்யாணத்தின்போது வாங்கிய மாருதி 800, உரமூட்டை ஏற்றுவதற்கென்றே வைத்திருக்கும் ஆம்னி. எஞ்சினில் ஒரு குறையும் இருக்காது. பானெட்டிலும் கூரையிலும் மட்டும் பெயிண்ட் பொருக்குப் பொருக்காக உரிந்து கிடக்கும். வெள்ளாமைப் பணம் வரட்டும், தை பிறந்ததும் பெயிண்ட் அடித்துக்கொள்ளலாம் என்று வண்டிக்காரர் தள்ளிப்போடுவார். தள்ளிப்போடுவது தப்பில்லை. நல்ல பெயிண்டிங் வேலைக்கு ஆகும் செலவு சின்னத் தொகை அல்ல. ஆனால் ஆவணிக்கும் தைக்கும் நடுவில் வடகிழக்குப் பருவமழை முழுவதும் கிடக்கிறது. தகடு தெரிகிற காரை அந்த மழையில் அப்படியே நிறுத்திவிட்டால், தையில் பெயிண்டரிடம் போவதற்கு முன்னால் டிங்கரிடம் போக வேண்டியிருக்கும்.

இந்தக் கார்களுக்குப் புதுத் தகடு கிடைப்பதும் சுலபமில்லை. 1983 டிசம்பரில் வெளிவந்த மாருதி 800-இன் உற்பத்தி 2014 ஜனவரியில் நின்றது. அதே ஆண்டு மே மாதம் மேற்கு வங்கத்து உத்தர்பாராவில் அம்பாசிடர் ஆலையும் வேலையை நிறுத்தியது. ஒரு மட்கார்டு ஓட்டை விழுந்தால் பழைய சாமான் கடைகளில் தேடித் திரிய வேண்டும். இருக்கிற தகட்டைக் காப்பாற்றுவதுதான் புத்திசாலித்தனம்.

காப்பாற்ற வேண்டியது எவ்வளவு மெல்லியது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. சின்னக் கார்களின் கதவுத் தகடு ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. அதன்மேல் கம்பெனியில் ஏற்றிய பூச்சுகள் எல்லாம் சேர்ந்து மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. அந்தப் பத்தில் ஒரு பங்குக்குள் பல அடுக்குகள் உண்டு. இப்போதைய கார்களில் அடியில் பாஸ்பேட் படலம், அதன்மேல் மின்சாரம் பாய்ச்சிப் படியவைத்த பிரைமர், அடுத்து மேடுபள்ளம் நிரப்பும் பூச்சு, அப்புறம் நிறம், கடைசியாகப் பளபளப்புக்கான கிளியர் கோட். வெயிலின் புற ஊதாக் கதிர் மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாகத் தின்று வருகிறது. ஆகவே உரிந்த இடத்தை முதலில் உற்றுப் பாருங்கள். நிறம் மங்கி வெளுத்திருக்க, ஓரத்தில் கண்ணாடித்தாள் மாதிரி ஒரு தோல் மட்டும் எழும்பி வந்தால், போனது கிளியர் கோட்தான்; அவசரம் இல்லை. சாம்பலோ வேறு மங்கலான நிறமோ தெரிந்தால் பிரைமர் வரைக்கும் வந்துவிட்டது என்று பொருள். ஒரு மழைக்காலத்துக்குள் கவனிக்க வேண்டும். வெள்ளியாகத் தகடு தெரிந்தாலோ காவி நிறம் கண்டாலோ அந்த வாரமே கை வைத்துவிட வேண்டும்.

துரு பிடிப்பதற்கு இரும்பு, தண்ணீர், காற்றிலுள்ள ஆக்ஸிஜன் மூன்றும் வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். மூன்றும் சேர்ந்து எப்படி வேலை செய்கின்றன என்பதை ஒரே ஒரு சொட்டுத் தண்ணீரில் காட்டியவர் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் யூலிக் எவன்ஸ். தேய்த்துச் சுத்தமாக்கிய இரும்புத் தகட்டின் மேல் ஒரு சொட்டு உப்புத் தண்ணீர். நிறம் மாறிக் காட்டும் இரண்டு வேதிப்பொருள்கள் அதில் கலந்திருக்கும். சற்று நேரத்தில் சொட்டின் ஓரம் இளஞ்சிவப்பாகும், நடுப்பகுதி நீலமாகும். ஓரத்தில் தண்ணீர் மெல்லியதாக இருப்பதால் ஆக்ஸிஜன் தாராளமாகக் கிடைக்கிறது; அங்கே காரத்தன்மை உண்டாகிறது. நடுவில் ஆக்ஸிஜன் பற்றாக்குறை. அங்கேதான் இரும்பு எலக்ட்ரானை இழந்து கரைகிறது. கரைந்த இரும்பும் ஓரத்துக் காரமும் சந்திக்கிற இடத்தில் காவி வளையமாகத் துரு படிகிறது. ஒரு சொட்டுத் தண்ணீருக்குள் ஒரு குட்டி பேட்டரியே ஓடுகிறது.

இதை அப்படியே பானெட்டுக்குக் கொண்டுவாருங்கள். உரிந்த பெயிண்டின் உதட்டுக்கு அடியில் மழைநீர் நுழைந்து தங்குகிறது. வெளியே திறந்த இடத்தில் காற்று உண்டு. உதட்டுக்கு உள்ளே காற்று குறைவு. எவன்ஸின் சொட்டுக்குள் நடந்ததெல்லாம் இங்கேயும் நடக்கிறது. இரும்பு உள்ளே கரைகிறது, உண்டாகிற காரம் பெயிண்டுக்கும் தகட்டுக்கும் உள்ள பிடிப்பை விடுவிக்கிறது. துருவோ கரைந்த இரும்பைப்போல இரண்டு மடங்குக்கு மேல் இடம் கேட்கும்; அது உப்பி, ஒட்டியிருந்த பெயிண்டையும் நெம்பித் தள்ளுகிறது. கண்ணுக்குத் தெரிவது ஒரு நயா பைசா அளவு காவிப் புள்ளியாக இருக்கும். சுரண்டிப் பார்த்தால் உள்ளங்கை அகலம் போயிருக்கும். எந்த அனுபவமுள்ள டிங்கரும் பெயிண்ட் உப்பிய இடத்தைக் கையால் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் விலை சொல்வார்.

உப்பு சேர்ந்துவிட்டால் வேகம் பல மடங்கு. தமிழ்நாட்டில் இதற்குப் பெரிய பரிசோதனைச்சாலை மண்டபமும் பாம்பனும். 1914-இல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தை உப்புக்காற்றிலிருந்து காக்க ஒரு நூற்றாண்டுக் காலம் ஓயாமல் சுரண்டிப் பெயிண்ட் அடித்தார்கள். பக்கத்தில் 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளும் நீடித்து உழைக்கும் சிறப்புப் பூச்சும் போட்டிருக்கிறார்கள். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து உருவாகக் காரணமான காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகம், மண்டபத்திலேயே ஓர் அரிமானச் சோதனை நிலையம் வைத்து உலோகத் தகடுகளைக் கடற்காற்றில் நிறுத்தி ஆராய்ந்துவருகிறது. அரிமானம் நம் மாநிலத்துக்கு எவ்வளவு முக்கியமான விஷயம் என்பதற்கு இந்த ஆய்வகமே சாட்சி.

கீரனூருக்குக் கடல் வெகு தூரம், நமக்கென்ன என்று இருந்துவிட முடியாது. தோட்டத்துக்காரர் காரின் டிக்கியில் பொட்டாஷ் மூட்டை ஏற்றுகிறார். பொட்டாஷ் என்று நாம் வாங்குவது பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைடு. சமையல் உப்புக்கு உடன்பிறப்பு. மூட்டையிலிருந்து சிந்திய துகள் தரை விரிப்புக்கு அடியில் போய், காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டு அங்கேயே கிடக்கும். உப்புத்தன்மையுள்ள போர்வெல் தண்ணீரில் காரைக் கழுவி அப்படியே காயவிட்டால், தண்ணீர் ஆவியாகிப் போகும், உப்பு தகட்டில் நிற்கும். மாட்டுக்கொட்டகையை ஒட்டி நிறுத்துகிற பழக்கமும் கெடுதல். அங்கே ஈரமும் அமோனியாவும் எப்போதும் உண்டு.

இனி வேலைக்கு வருவோம். நல்ல தண்ணீரில் கழுவி, வெயிலில் முழுக்கக் காயவிட வேண்டும். அடுத்து பட்டித் தகட்டால் உரிந்த ஓரங்களைச் சுரண்ட வேண்டும். பார்ப்பதற்கு நல்லதாக இருக்கிற பெயிண்டுகூடப் பட்டித் தகடு பட்டதும் சிலும்பாக எழும்பி வரும். அது வந்தால் வரட்டும். பிடிப்பில்லாத பெயிண்டை வைத்திருப்பதால் ஒரு லாபமும் இல்லை. கெட்டியாக ஒட்டிய பெயிண்ட் வரும் வரைக்கும் சுரண்டிய பிறகு, 80 நம்பர் உப்புத்தாளால் துருவை எடுத்து, 180, 320 என்று ஏறிக்கொண்டே போய் ஓரத்தைச் சரிவாகத் தேய்க்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு விரலை ஓட்டினால் பெயிண்ட் எங்கே முடிந்து தகடு எங்கே தொடங்குகிறது என்று தெரியக்கூடாது. படி மாதிரி விட்டால் அதன் ஓரத்தில்தான் அடுத்த உரிசல் தொடங்கும். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம்; மூக்கில் நல்ல மாஸ்க் இல்லாமல் தேய்க்க வேண்டாம், குழந்தைகளைப் பக்கத்தில் விடவும் வேண்டாம். வாட்டர் பேப்பர் போட்டுத் தண்ணீரோடு தேய்த்தால் தூசு அடங்கும். ஆனால் வெறும் தகட்டில் ஈரம் பட்டால் மழைக்காலத்தில் அன்று மாலைக்குள் காவிப் படலம் வந்துவிடும். உடனே துடைத்துக் காயவைக்க வேண்டும்.

குழிக்குள் புகுந்த துருவை எந்த உப்புத்தாளாலும் முழுக்க எடுக்க முடியாது. அதற்குத்தான் ரஸ்ட் கன்வெர்ட்டர். அதில் ஒரு வகை பாஸ்பாரிக் அமிலம் கொண்டது. துருவை இரும்புப் பாஸ்பேட்டாக மாற்றும். இன்னொரு வகையின் வேதியியல் திண்டுக்கல் தோல் தொழிலாளர்களுக்குப் பரம்பரையாகத் தெரிந்தது. தோல் பதனிடுவதற்குக் கடுக்காயும் ஆவாரம் பட்டையும் பயன்படுவது அவற்றிலுள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருளுக்காக. அப்படிப் பதனிட்ட ஈரத் தோலில் ஓர் இரும்பு ஆணி பட்டால் அந்த இடம் கன்னங்கரேலென்று ஆகிவிடும். தோல் தொழிலாளி இரும்பைத் தள்ளியே வைப்பார். டானினும் இரும்பும் சேர்ந்து தண்ணீரில் கரையாத கரும்பொருளாக இறுகுவதே காரணம். தோலில் கறையாகிற அதே வினைதான் தகட்டில் துருவைக் கட்டிப்போடுகிறது. கடையில் விற்கும் டானிக் அமிலக் கன்வெர்ட்டரைப் பூசியதும் காவி நிறம் கருநீலமாக மாறுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். அதற்காக வீட்டில் கடுக்காயை ஊறவைத்துப் பூசாதீர்கள். கடைச் சரக்கில் படலமாக இறுகும் பாலிமரும் சேர்ந்திருக்கும். எந்த வகை ஆனாலும் உதிரும் துருவை எடுத்த பிறகே பூச வேண்டும். அமில வகையைப் பூசினால் டப்பாவில் சொன்னபடி மிச்ச அமிலத்தைக் கழுவிக் காயவைக்காமல் அடுத்த பூச்சுக்குப் போகக்கூடாது.

அடுத்து வருவது பிரைமர். நம் ஊரில் அதிகம் ஏமாறுகிற இடம் இதுதான். கேட்டுக்கும் ஜன்னல் கம்பிக்கும் அடிக்கிற ரெட் ஆக்சைடை காருக்கும் ஒரு கோட் அடித்து, தை வரைக்கும் தாங்கும் என்று நினைக்கிறோம். தாங்காது. அந்தக் காவி நிறம் வெறும் இரும்பு ஆக்சைடு நிறமி. பழைய நாளில் பாலங்களுக்கு அடித்த ஈயச் செந்தூரத்துக்கு இருந்த துருத் தடுக்கும் சக்தி இதற்குக் கிடையாது. சாதாரண பிரைமர்கள் அடுத்த பூச்சைப் பிடித்துக்கொள்வதற்காகவே சொரசொரப்பாகவும் நுண்துளைகளோடும் தயாராகின்றன. மேலே பெயிண்ட் வராமல் மழையில் விட்டால் அந்தத் துளைகள் வழியாக ஈரம் தகட்டுக்கே இறங்கும். கார் சில மாதம் காத்திருக்கப்போகிறது என்றால் ஹார்டனர் கலந்து அடிக்கிற இரண்டு பாக எபாக்ஸி பிரைமர்தான் சரியான தேர்வு. அது இறுகும்போது நெருக்கமான வலைப்பின்னலாக மாறித் தண்ணீரைப் பெருமளவு தடுக்கிறது. விலை கூடுதல்தான், ஆனால் உரிந்த இடங்களுக்கு மட்டும் அடிக்கச் சின்ன டப்பா போதும். தகட்டைத் தேய்த்த அன்றைக்கே, தின்னரால் துடைத்துவிட்டு, இரண்டு கோட் அடித்துவிட வேண்டும். தையில் மேல் பெயிண்ட் அடிக்கும்போது லேசாகத் தேய்த்துவிட்டு அதன் மேலேயே வேலையைத் தொடரலாம். வெயிலும் எபாக்ஸிக்கு ஆகாது என்பதால் ஒரு கோடையைத் தாண்ட விடாதீர்கள்.

இந்தச் செலவும் இப்போது முடியாது என்றால், துரு எடுத்த இடத்தில் கெட்டியாக மெழுகோ கிரீஸோ தடவி மாதம் ஒருமுறை புதுப்பிக்கலாம். ஒன்றுமில்லாததற்கு அது எவ்வளவோ மேல். ஆனால் பெயிண்டரிடம் அதை மறைக்கக்கூடாது. எண்ணெய்ப் பசை இருந்தால் புதுப் பெயிண்ட் குழி குழியாக விலகி நிற்கும். தார்ப்பாய் போட்டு இறுக்கிக் கட்டுவது மழைக்குப் பாதுகாப்பு போலத் தோன்றினாலும், உள்ளே வேர்த்து ஈரம் அடைபட்டுக் கிடக்கும். காற்றில் ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டினாலே துரு வேகம் பிடிக்கும். நாலு பக்கமும் காற்றோடும் ஓலைக் கொட்டகை அதைவிடச் சிறந்தது.

வெளியே தெரிகிற துருவைவிடத் தெரியாத துரு பொல்லாதது. கதவின் அடி விளிம்பில் தண்ணீர் வடிய ஓட்டைகள் இருக்கும். மண்ணும் சருகும் அடைத்தால் கதவுக்குள் தண்ணீர் தேங்கி உள்ளிருந்து வெளியே தின்னும். ஒரு கம்பியால் குத்தித் திறந்துவிட ஐந்து நிமிஷம் ஆகாது. சக்கர வளைவுக்குள் அப்பிய சேறு, பேட்டரியின் அடித்தட்டு, தரை விரிப்பின் அடி ஆகியவற்றையும் ஐப்பசிக்கு முன் ஒருதரம் சுத்தம் செய்து காயவிடுங்கள்.

தையில் பெயிண்டிங்குக்கு விடும்போதும் அவசரப்பட வேண்டாம். பனி விலகாத காலையில் தகடு காற்றைவிடக் குளிர்ந்து கண்ணுக்குத் தெரியாமல் வேர்த்திருக்கும். வெயில் ஏறித் தகடு சூடான பிறகே ஸ்பிரே பிடிக்கச் சொல்லுங்கள். முக்கியமாக, துருவுக்கு மேலேயே பட்டி பார்த்து மூடும் வேலைக்குச் சம்மதிக்காதீர்கள். பட்டி ஈரத்தை இழுக்கும். ஓரிரு மழைக்காலத்தில் அதே இடம் திரும்ப உப்பும். பட்டி வைப்பதற்கு முன்னால் துரு எடுத்த வெறும் தகட்டைக் காட்டச் சொல்லி நேரில் பாருங்கள். நல்ல தொழிலாளி அதைக் குறையாக எடுத்துக்கொள்ள மாட்டார். தயங்காமல் கூப்பிட்டுக் காட்டுவார். அப்படிக் காட்டுகிறவரிடமே வண்டியை விடுங்கள்.