உழைச்செல்வார்: சிறு மருத்துவகச் செவிலியரின் தகுதியும் கடமையும்

மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறளில் வள்ளுவப் பெருந்தகை மருத்துவத்தை நான்கு கூறுகளாகப் பகுக்கிறார். நோயுற்றவர், நோயைத் தீர்ப்பவர், மருந்து ஆகிய மூன்றோடு அவர் சேர்க்கும் நான்காம் கூறு 'உழைச்செல்வான்' என்பதாகும். உழை என்பது பக்கம். நோயாளியின் பக்கத்திலிருந்து மருந்தைப் பிழையின்றிக் கொடுப்பவரே உழைச்செல்வார். அகப்பாடல்களில் தலைவியை வளர்த்தெடுத்த தாயைக் குறித்த 'செவிலி' என்னும் சொல்லை இன்று நாம் அவருக்குப் பெயராக வழங்குகிறோம். மதீனாவில் கூடாரம் அமைத்துப் போரில் காயமுற்றோரைப் பேணிய ருஃபைதா (ரலி) அம்மையாரும், கிரிமியப் போரில் காயமுற்றோரைப் பேண 1854-இல் துருக்கி சென்ற பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரும் இப்பணியின் முன்னோடிகள்.

ஓர் ஊரின் சிறு மருத்துவகத்தில் பணிபுரியும் செவிலியருக்கு வேண்டிய தகுதி எது, அவர் கடமை எது, எல்லை எது என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம். எடுத்துக்காட்டாக நாம் கொள்ளும் ஊர், சிவகாசியை அடுத்த விஸ்வநத்தம்.

ஊரும் தொழிலும்

மழை குறைந்த இக்கரிசல் வட்டாரத்திற்கு, 1920-களின் தொடக்கத்தில் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்று வந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் புதுவாழ்வு தந்தனர். தீப்பெட்டியைத் தொடர்ந்து பட்டாசும் அச்சும் வளர்ந்தன. இங்கே 'மருந்து' என்னும் சொல்லுக்கு இரு பொருள் உண்டு. ஆலையில் வெடியுப்பு, கந்தகம், அலுமினியப் பொடி ஆகியவற்றின் கலவையும் மருந்தே. மருத்துவகத்தில் நோய் தீர்ப்பதும் மருந்தே. முதல் மருந்தால் ஊறு நேர்ந்தவர் இரண்டாம் மருந்தை நாடி வரும்போது அவரை முதலில் எதிர்கொள்பவர் பெரும்பாலும் செவிலியரே. 2012 செப்டம்பர் 5-ஆம் நாள் சிவகாசிக்கு அருகே முதலிப்பட்டியில் நேர்ந்த பட்டாசு ஆலை விபத்தில் 35-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். ஆதலால் இவ்வட்டாரத்தில் செவிலியரின் தகுதி என்பது உயிர் பற்றிய வினாவாகிறது.

தகுதி

அமெரிக்கா, கனடா போன்ற நாடுகளில் 'பிராக்டிகல் நர்ஸ்' எனத் தனி உரிமம் பெற்ற ஒரு பிரிவினர் உளர். மருத்துவர் அல்லது மூத்த செவிலியரின் மேற்பார்வையில் அவர்கள் பணியாற்றுவர். நம் நாட்டில் அப்பெயரில் பதிவுப் பிரிவு இல்லை. அதற்கு நெருங்கியது ஏ.என்.எம். எனப்படும் துணைச் செவிலியர், பேறுகால உதவியாளர் பயிற்சியாகும். பன்னிரண்டாம் வகுப்புத் தேர்ச்சி பெற்ற, 17 வயது நிரம்பிய பெண்கள் இதில் சேரலாம். பயிற்சிக் காலம் இரண்டு ஆண்டு. இதற்கு மேல் மூன்றாண்டுப் பட்டயப் படிப்பாகிய ஜி.என்.எம்.மும், நான்காண்டுப் பட்டப் படிப்பாகிய பி.எஸ்சி. நர்சிங்கும் உள்ளன.

பயிற்சி முடித்தவர் தமிழ்நாடு செவிலியர் மற்றும் மகப்பேறு உதவியாளர் கவுன்சிலில் பதிவு செய்துகொள்ளல் வேண்டும். இப்பதிவு முறை 1926-ஆம் ஆண்டுச் சென்னை மாகாணச் சட்டத்தின் வழி வந்தது. அகில இந்திய அளவில் 1947-ஆம் ஆண்டுச் சட்டம் இந்தியச் செவிலியர் கவுன்சிலை நிறுவியது. அச்சட்டத்திற்கு மாற்றாக 2023-இல் தேசியச் செவிலியர், மகப்பேறு உதவியாளர் ஆணையச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. நாடு முழுமைக்கும் ஏறத்தாழ 7,000 செவிலியரே உளர் என, 43,000 பேருக்கு ஒருவர் என்ற கணக்கை 1946-இல் போர் குழு எடுத்துக்காட்டியது. அந்நிலையினின்றும் நாம் நெடுந்தொலைவு வந்துள்ளோம்.

எனினும் ஒரு குறையை இங்கே கூறாதிருத்தல் இயலாது. சிற்றூர்களில் பள்ளிப் படிப்பை முடித்த பெண்ணொருத்தியை வேலைக்கு அமர்த்தி, வெள்ளைக் கோட்டு அணிவித்து, ஓரிரு மாதங்களில் ஊசி போடப் பழக்கிவிடும் வழக்கம் உண்டு. ஊரார் அவளை 'நர்ஸம்மா' என்றழைக்கின்றனர். அவள் கை தேர்ந்ததாகவே இருக்கலாம். ஆனால் ஊசி மருந்து ஒவ்வாமல் நோயாளி மூச்சுத் திணறும் கணத்தில் என்ன செய்வது என்பதைப் பழக்கம் கற்றுத் தராது. பயிற்சிதான் கற்றுத் தரும். தவறு நேர்ந்தால் பதிவெண் இல்லாத அப்பெண்ணுக்குச் சட்டத்தின் காப்பும் இல்லை. உரிய ஊதியம் கேட்கும் வலிமையும் இல்லை. உச்ச நீதிமன்ற ஆணையின்படி 2016-இல் அமைந்த நடுவணரசின் குழு, 50 படுக்கைகளுக்குக் குறைந்த தனியார் மருத்துவமனைகளிலும் செவிலியர்க்கு மாதம் ரூ.20,000-க்குக் குறையாத ஊதியம் பரிந்துரைத்தது. பரிந்துரையின் பயனைக் கோரவும் பதிவு வேண்டும்.

இன்னொன்றும் கருதத்தக்கது. ஆறு மாதத்தில், ஓராண்டில் 'நர்சிங் சான்றிதழ்' தருவதாக விளம்பரம் செய்யும் நிறுவனங்களில் பெற்றோர் கடன் வாங்கிப் பணம் கட்டுகின்றனர். அச்சான்றிதழைக் கொண்டு கவுன்சிலில் பதிவு செய்ய இயலாது என்பதைப் பின்னரே அறிகின்றனர். சேரும் முன்னரே நிறுவனம் ஏற்பு பெற்றதா எனக் கேட்டறிதல் பெற்றோர் கடமை.

அன்றாடக் கடமைகள்

மருத்துவர் வருமுன்னரே செவிலியரின் பணி தொடங்கிவிடுகிறது. வரிசையில் அமர்ந்திருப்போருள் மூச்சு வாங்குபவர், நெஞ்சு வலிப்பவர், துவண்ட குழந்தை ஆகியோரைக் கண்டறிந்து முதலில் அனுப்புவது அவர் கடமை. எடை, வெப்பநிலை, நாடி, இரத்த அழுத்தம் ஆகியவற்றைக் குறித்தல் வேண்டும். முன்பு எந்த மருந்தேனும் ஒவ்வாமற் போனதுண்டா என்று ஒவ்வொருவரிடமும் கேட்டல் வேண்டும்.

மருந்து கொடுக்கும்போது ஐந்து சரிகளைச் செவிலியர் மனத்திற் கொள்வர்: சரியான ஆள், சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம். மருந்துக் குப்பியின் காலாவதி நாளையும் உடன் நோக்குவர். தடுப்பூசி மருந்துகளைப் பொதுவாக 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில் காத்தல் வேண்டும். மின்வெட்டு நேர்ந்த நாளில் இது தனிக் கவனம் வேண்டும் பணியாகும்.

கருவிகளை ஆட்டோகிளேவில் 121 டிகிரி நீராவியில் குறைந்தது 15 நிமிடம் வைத்துத் தூய்மை செய்தல் வேண்டும். கழிவுகளைப் பிரிப்பதும் அவர் பொறுப்பே. 2016-ஆம் ஆண்டு விதிகளின்படி இரத்தம் தோய்ந்த பஞ்சும் கட்டுத் துணியும் மஞ்சள் பையிலும், நெகிழிக் குழாய்களும் ஊசி நீக்கிய சிரிஞ்சுகளும் சிவப்புப் பையிலும், ஊசிகள் துளைபடாத வெள்ளைக் கலத்திலும், கண்ணாடிக் குப்பிகள் நீலக் கலத்திலும் சேரும். பயன்படுத்திய ஊசிக்கு மீண்டும் மூடி இடலாகாது. அவ்வாறு இடும்போதே பல செவிலியர் விரலில் குத்துண்டு நோய்த்தொற்றுக்கு ஆளாகின்றனர்.

தீக்காயமும் முதல் உதவியும்

விஸ்வநத்தம் போன்ற ஊரில் செவிலியர் அறிந்தே தீர வேண்டிய பகுதி இதுவாகும். தோல்மீது உலர்ந்த வெடிமருந்துப் பொடி படிந்திருப்பின் அதனை முதலில் தட்டி நீக்குதல் வேண்டும். பின்னர் வெந்த இடத்தில் குழாய் நீரை 20 நிமிடம் ஓடவிடல் வேண்டும். காயமுற்ற மூன்று மணி நேரத்திற்குள் இதனைச் செய்தாலும் பயனுண்டு. பனிக்கட்டி கூடாது. உடலின் பெரும்பகுதி வெந்தவரும் குழந்தைகளும் குளிரால் நடுங்காதவாறு ஏனைய பகுதிகளைப் போர்த்திக் காத்தல் வேண்டும். வீக்கம் ஏறுமுன் வளையல், மோதிரம், மெட்டி ஆகியவற்றைக் கழற்றிவிடல் வேண்டும். தோலோடு ஒட்டிய துணியைப் பிய்க்கலாகாது, கொப்புளத்தை உடைக்கலாகாது. பற்பசை, மை, மாவு ஆகியவற்றைப் பூசி வருவோர் இன்றும் உளர். இவை புண்ணில் நோய்க்கிருமிக்கு இடந்தருவதோடு, காயத்தின் ஆழத்தையும் மருத்துவர் கண்ணுக்கு மறைத்துவிடும்.

காயத்தின் பரப்பை மதிப்பிட ஒன்பதின் விதி உதவும். வளர்ந்தவர் உடலில் தலை 9 விழுக்காடு, கை ஒவ்வொன்றும் 9, கால் ஒவ்வொன்றும் 18, முன்னுடல் 18, பின்னுடல் 18, எஞ்சிய 1 பிறப்புறுப்பு. சிதறிய காயங்களுக்கு நோயாளியின் விரல்கள் சேர்ந்த உள்ளங்கையை ஏறத்தாழ 1 விழுக்காடு எனக் கொள்ளலாம். மூக்கினுள் கரி படிந்திருந்தாலோ குரல் கம்மியிருந்தாலோ, வெளிக்காயம் சிறிதாயினும் காத்திருத்தல் ஆகாது. மூச்சுக் குழல் வீங்கி அடைபடக்கூடும். தூய துணியால் காயத்தை மூடி, மருத்துவர்க்கு அறிவித்து, 108 ஊர்தியை அழைத்து, காயமுற்ற நேரத்தையும் கொடுத்த மருந்தையும் தாளில் எழுதி உடன் அனுப்புதல் வேண்டும். அத்தாள் பெரிய மருத்துவமனையில் நோயாளிக்காகப் பேசும்.

எல்லையும் அறமும்

நோயைத் தீர்மானித்து மருந்து எழுதுவது மருத்துவர் பணி. மருத்துவர் இல்லாத நேரத்தில் 'அதே ஊசியைப் போட்டுவிடம்மா' எனக் கேட்போர் பலர். மறுத்தல் கடுமையாகத் தோன்றினும் அதுவே கருணையாகும்.

நோயாளியின் மறைவைக் காத்தல் அடுத்த அறம். எனினும் மறைவு காத்தல் வேறு. உண்மையைத் திரித்தல் வேறு. உரிமமின்றி வீட்டில் பட்டாசு செய்து வெந்தவரை 'அடுப்பில் வெந்தது' என எழுதச் சொல்வோர் உண்டு. பாஸ்பரசோ, வேறு வேதிப் பொருளோ கலந்த காயம் என்பதை மறைத்தால் சிகிச்சையே தடம் மாறும். ஆகவே நேர்ந்ததை நேர்ந்தவாறு எழுதல் வேண்டும். காவல் துறைக்கு அறிவிக்க வேண்டியதை மருத்துவர் அறிவிப்பார்.

நிறைவாக

மாணவியரே, இப்பணியை விரும்பினால் பதிவு பெறும் வழியே செல்லுங்கள். மருத்துவகம் நடத்துவோர், தம்மிடம் ஏற்கெனவே பணிபுரியும் பெண்களைப் பயிற்சிக்கு அனுப்ப முன்வருவாராக. ஜமாஅத் பெரியோரும் ஊர்த் தலைவர்களும் ஆண்டுக்கு ஓர் ஏழைப் பெண்ணின் பயிற்சிச் செலவை ஏற்பின், பத்தாண்டில் ஓர் ஊருக்குப் பத்துச் செவிலியர் கிடைப்பர். அடுத்த விபத்து நேரும் நாளில், காயமுற்றவர் பக்கத்தில் செய்வதறிந்த ஒருவர் நிற்பார்.