அடையாளம், அனுமதி, உடைமை: வீட்டு வலையமைப்புச் சேமிப்பகத்தில் நேரும் தடைகளும் அவற்றின் தீர்வும்

வீட்டிலுள்ள கணினிகளும் கைப்பேசிகளும் தம் கோப்புகளை ஓரிடத்தில் வைத்து எடுக்கும் பொருட்டு அமைக்கப்படும் பெட்டியே வலையமைப்புச் சேமிப்பகம் ஆகும். ஒன்றோ பலவோ ஆன வன்தட்டுகளைக் கொண்டு, திசைவியோடு இணைந்து, இரவும் பகலும் இயங்கும் இப்பெட்டியைக் கடைகளில் ‘நாஸ்’ என்று கேட்டு வாங்குகின்றனர். பினாங்கு மாநிலத்தார்க்கு இத்தகைய பொருள்கள் அயலானவை அல்ல. 1972ஆம் ஆண்டில் இன்டெல் நிறுவனம் பாயான் லெப்பாசில் தன் ஆலையைத் தொடங்கிய காலந்தொட்டு மின்னணுத் தொழில் இங்கு வேரூன்றியது. வன்தட்டுத் தொழிலும் பின்னர் வந்து சேர்ந்தது. ஆயினும், பெட்டியை வாங்கி இணைத்த சில நாள்களில் ‘அணுகல் மறுக்கப்பட்டது’ என்னும் பொருள்பட ஒரு செய்தி திரையில் தோன்றும்போது, அதன் காரணத்தைக் கண்டறிந்து நீக்கும் முறை பலருக்கும் விளங்குவதில்லை. அம்முறையை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

திரையில் தோன்றும் செய்தி ஒன்றே. அதற்குரிய காரணங்களோ பல. அவற்றைப் பகுத்துணர மூன்று சொற்கள் நமக்குத் துணைநிற்கும். கேட்பவர் யார் என்பது அடையாளம். அவர் என்ன செய்யலாம் என்பது அனுமதி. கேட்கப்படும் கோப்பு யாருடையது என்பது உடைமை. அன்றாட வழக்கில் பின்னிரண்டையும் ‘உரிமை’ என்னும் ஒரே சொல்லால் குறித்துவிடுகிறோம். வீடு தந்தைக்குச் சொந்தம் என்பதும் உரிமை. அவ்வீட்டின் கூடத்தில் விருந்தினர் அமரலாம் என்பதும் உரிமை. கணினி இவ்விரண்டையும் வெவ்வேறாகவே எழுதி வைத்திருக்கிறது. இவ்வேறுபாட்டை மறந்து திருத்த முற்படும்போதுதான் சிக்கல் பெருகுகிறது.

இம்முறை எங்கிருந்து வந்தது என்று காண்போம். 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில், ஒரே கணினியைப் பலர் ஒரே வேளையில் பயன்படுத்தும் ஏற்பாடு உருவாயிற்று. ஒருவருடைய கோப்பை மற்றொருவர் திறவாதிருக்கக் கடவுச்சொல் அங்குத் தேவைப்பட்டது. 1969ஆம் ஆண்டில் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சனும் டெனிஸ் ரிட்சியும் உருவாக்கத் தொடங்கிய யூனிக்ஸ் இயங்குதளம், கோப்பு அனுமதியை எளிய பட்டியலாக வகுத்தது. உடையவர், குழுவினர், ஏனையோர் என்று மாந்தர் மூவகையினர். படித்தல், எழுதுதல், இயக்குதல் என்று செயல்களும் மூன்று. ஆகவே, ஒவ்வொரு கோப்புக்கும் ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ என்னும் ஒன்பது விடைகள் குறித்து வைக்கப்படுகின்றன. படித்தலுக்கு 4, எழுதுதலுக்கு 2, இயக்குதலுக்கு 1 என்று மதிப்பிட்டு, மூவகையினர்க்கும் தனித்தனியே கூட்டி எழுதுவர். 640 என்றால் உடையவர் படிக்கலாம், எழுதலாம்; குழுவினர் படிக்க மட்டும் செய்யலாம்; ஏனையோர்க்கு ஒன்றுமில்லை. 777 என்றால் எல்லார்க்கும் எல்லாம்.

இங்கு மாணவர் கருத்திற்கொள்ள வேண்டியவை இரண்டு. கோப்புகளைத் தன்னகத்தே கொண்ட கோப்புறைக்கு ‘இயக்குதல்’ என்பது உள்ளே நுழைதலைக் குறிக்கும். அவ்வனுமதி இல்லாதவர், உள்ளிருக்கும் கோப்பைப் படிக்கத் தகுதி பெற்றிருப்பினும் அதனை எட்ட இயலாது. மற்றொன்று, ஒரு கோப்பை அழிக்கலாமா என்பதைப் பொதுவாக அக்கோப்பின் அனுமதி முடிவு செய்வதில்லை. அது வைக்கப்பட்டுள்ள கோப்புறையின் எழுதும் அனுமதியே முடிவு செய்கிறது. ‘படிக்க மட்டும்’ என்று குறித்து வைத்த கோப்பு காணாமற்போவது இதனாலேயே.

வீட்டுச் சேமிப்பகங்கள் பெரும்பாலானவற்றின் உள்ளே இயங்குவது, யூனிக்ஸ் மரபில் வந்த லினக்ஸ் ஆகும். நம் மேசைமீதுள்ள விண்டோஸ் கணினியோ, ஐபிஎம் நிறுவனத்தில் 1980களில் தோன்றிய எஸ்எம்பி என்னும் கோப்புப் பகிர்வு நெறியில் பேசுகிறது. இவ்விரண்டுக்கும் இடையே மொழிபெயர்ப்பாளராக நிற்கும் மென்பொருள் சம்பா. அதனை ஆஸ்திரேலியத் தலைநகர் கான்பராவில், தேசியப் பல்கலைக்கழகத்தில் பயின்றுகொண்டிருந்த ஆண்ட்ரூ டிரிட்ஜெல் எழுதத் தொடங்கினார். முதல் வெளியீடு 1992இல் வந்தது. எஸ், எம், பி ஆகிய எழுத்துகள் வரிசையாக அமையும் சொல்லைச் சொற்பட்டியலில் தேடி எடுத்ததே அதன் பெயர். மொழிபெயர்ப்பாளர் ஒருவர் நடுவே நிற்பதால் வாயில்கள் இரண்டாகின்றன. பகிர்வுக்கென விதிக்கப்பட்ட அனுமதி வெளிவாயில். கோப்புக்கென விதிக்கப்பட்ட அனுமதி உள்வாயில். இரண்டும் திறந்தாலன்றி உட்புக இயலாது. ஒன்று தாராளமாகவும் மற்றொன்று கடுமையாகவும் இருப்பின் கடுமையானதே நிற்கும்.

இனி, புக்கிட் மெர்தாஜாமில் தமிழ்ப்பள்ளி ஆசிரியை ஒருவரின் இல்லத்தை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். சேமிப்பகத்தில் ‘பள்ளி’ என்னும் கோப்புறையில் வினாத்தாள்களும் மதிப்பெண்களும் உள்ளன. ‘குடும்பம்’ என்னும் கோப்புறையில் இருபது ஆண்டுப் புகைப்படங்கள் உள்ளன. கணவரும், எஸ்பிஎம் தேர்வுக்கு ஆயத்தமாகும் மகளும் அதே பெட்டியைப் பயன்படுத்துகின்றனர். ஒருநாள் ஆசிரியைக்கே ‘பள்ளி’ திறக்கவில்லை. ஆராய வேண்டிய ஒழுங்கு பின்வருமாறு.

முதலாவது, வழி உண்டா என்று காண வேண்டும். ‘காணப்படவில்லை’ என்னும் செய்தியும் ‘மறுக்கப்பட்டது’ என்னும் செய்தியும் ஒன்றல்ல. முன்னது வலையமைப்பின் கோளாற்றைக் குறிக்கும். கணினி திசைவியின் விருந்தினர் வைஃபையில் இணைந்திருந்தாலும் சேமிப்பகம் கண்ணுக்குப் படாது. பின்னதோ, பெட்டி நம் குரலைக் கேட்டு விடை கூறிவிட்டது என்பதற்குச் சான்று. கம்பியையும் திசைவியையும் ஆராய்ந்து காலம் கழிக்க வேண்டியதில்லை. அடுத்து, அதே பயனர் பெயரோடு வேறொரு கணினியிலிருந்து முயல வேண்டும். அங்குத் திறந்தால் குறை பெரும்பாலும் முதற்கணினியில். அங்கும் மறுக்கப்பட்டால் குறை பெரும்பாலும் சேமிப்பகத்தில். இவ்வொரு சோதனையே பாதி வேலையை முடித்துவிடும்.

இரண்டாவது, அடையாளம். மகள் முன்பு அக்கணினியில் தன் பெயரால் நுழைந்திருந்தால், விண்டோஸ் அப்பெயரை நினைவில் வைத்து, ஆசிரியை கேட்கும்போதும் அதனையே அனுப்பக்கூடும். ஒரே சேமிப்பகத்தோடு ஒரே வேளையில் இரு பெயர்களில் இணைய விண்டோஸ் பொதுவாக இடந்தருவதில்லை. எனவே, சான்று மேலாளர்ப் பகுதியில் சேமிக்கப்பட்ட பழைய பெயரை நீக்கி, கணினியிலிருந்து வெளியேறி மீண்டும் நுழைய வேண்டும். கணினியைத் திறக்கும் குறுகிய எண் சேமிப்பகத்தின் கடவுச்சொல் ஆகாது என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும்.

மூன்றாவது, அனுமதி. நிருவாகியாக நுழைந்து இரு வாயில்களையும் தனித்தனியே பார்க்க வேண்டும். ஒருவர் இரண்டு குழுக்களில் இருந்து, ஒரு குழுவுக்கு அனுமதியும் மற்றதற்கு வெளிப்படையான மறுப்பும் தரப்பட்டிருந்தால், பொதுவாக மறுப்பே முந்தும். ஆதலால் மறுப்பை அருகியே கையாளுதல் நன்று. அனுமதி தராமலிருப்பதே பெரும்பாலும் போதுமானது.

நான்காவது, உடைமை. ஒரே வன்தட்டில் ஒரு கோப்புறையிலிருந்து மற்றொன்றுக்குக் கோப்பை நகர்த்தினால், அது பழைய அனுமதியோடே செல்லக்கூடும். படியெடுத்தால் புதிய இடத்தின் அனுமதியைப் பெறும். பழைய பெட்டியின் வன்தட்டைப் புதிய பெட்டிக்கு மாற்றும்போது வேறொரு சிக்கல் எழும். லினக்ஸ் உடையவரைப் பெயரால் அன்றி எண்ணால் குறித்து வைக்கிறது. பழைய பெட்டியில் 1001 என்பது ஆசிரியையாக இருந்து, புதிய பெட்டியில் அவ்வெண் மகளுக்குத் தரப்பட்டால், வினாத்தாள்கள் அனைத்தும் மகளின் உடைமையாகிவிடும். பெயர் ஒன்றாயிருந்தும் கதவு திறவாமைக்கு இது காரணமாகலாம். நிருவாகி உடைமையை மாற்றி, அதனை உட்கோப்புறைகள் அனைத்துக்கும் வழங்குவதே தீர்வு.

ஐந்தாவது, அனுமதியோடு தொடர்பற்ற காரணங்கள். வன்தட்டு நிரம்பியிருக்கலாம், கோப்பை வேறொருவர் திறந்து வைத்திருக்கலாம். தட்டில் பழுது நேர்ந்து, கோப்பமைப்பு தானே ‘படிக்க மட்டும்’ நிலைக்குச் சென்றிருக்கவும் கூடும். அந்நிலையில் எதனையும் திருத்த முயலாமல், முதலில் கோப்புகளை வேறிடத்தில் படியெடுக்க வேண்டும்.

இத்துணையும் செய்வதைவிட 777 என்று எழுதி, எல்லார்க்கும் எல்லாம் திறந்துவிட்டால் என்ன என்று சிலர் வினவலாம். செய்தி உடனே மறையும் என்பது மெய். ஆனால், மறைந்தது காரணமன்று; காவலே. 2017ஆம் ஆண்டு மே மாதத்தில் பரவிய வான்னாகிரை என்னும் பணயத் தீநிரல், எஸ்எம்பியின் பழைய முதற்பதிப்பில் இருந்த ஓட்டையின் வழியே பல நாடுகளின் கணினிகளுள் புகுந்து கோப்புகளைப் பூட்டியது. அவ்வாண்டின் பிற்பகுதி முதல் விண்டோஸ் 10இன் புதிய நிறுவல்களில் அப்பழைய பதிப்பு இயல்பாக இடம்பெறுவதில்லை. கடவுச்சொல் இல்லாத விருந்தினர் அணுகலும் படிப்படியாக அடைக்கப்பட்டு வருகிறது. பழைய சேமிப்பகம் புதிய கணினியில் திடீரெனத் திறவாமைக்கு இவையும் காரணங்கள். அந்நிலையில் கணினியின் காவலைத் தளர்த்துவதை விடப் பெட்டியின் மென்பொருளைப் புதுப்பித்து, ஒவ்வொருவர்க்கும் பெயரும் கடவுச்சொல்லும் வழங்குவதே தக்கது. 2021ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், புதுப்பித்தல் ஆதரவு முன்பே முடிந்திருந்த ‘மை புக் லைவ்’ என்னும் சேமிப்பகங்கள் இணையத்தின் வழியே தாக்கப்பட்டு, பலருடைய கோப்புகள் முற்றாக அழிந்தன.

அனுமதியின் பயன் இங்குதான் தெளிவாகிறது. ஒரு கணினியில் தீநிரல் புகுந்தால், அக்கணினியின் பயனர் எவற்றில் எழுதலாமோ அவற்றையெல்லாம் அதுவும் கெடுக்கலாம். மகளின் கணினி பழுதுற்றாலும், ‘குடும்பம்’ கோப்புறையில் அவளுக்குப் படிக்கும் அனுமதி மட்டுமே இருப்பின், அவள் பெயரால் வரும் தீநிரல் அப்படங்களைக் கெடுக்க இயலாது. இது மகள்மீது கொண்ட ஐயம் அன்று. வீட்டின் செல்வத்துக்கு இட்ட வேலி. ஆயினும், வன்தட்டே பழுதானால் எவ்வனுமதியும் துணையாகாது. இரண்டு தட்டுகளில் ஒரே கோப்பை ஒருங்கே எழுதும் ஏற்பாடும் காப்புப்படி ஆகாது. ஒன்றில் அழித்தால் மற்றதிலும் அழியும். பெட்டிக்கு வெளியே தனியொரு படி இருத்தல் வேண்டும்.

ஆசிரியப் பெருமக்கள் இப்பாடத்தைக் கணினியின்றியே வகுப்பில் நடத்தலாம். தாளில் ஒரு கட்டம் வரைந்து, மேல்வரிசையில் கோப்புறைகளின் பெயர்களையும் பக்க வரிசையில் வீட்டாரின் பெயர்களையும் எழுதச் செய்து, ஒவ்வொரு கட்டத்திலும் ‘படிக்கலாம்’, ‘எழுதலாம்’, ‘இல்லை’ என்று மாணவர்களையே நிரப்பச் சொல்லலாம். யாருக்கு எது தேவை என்னும் ஆராய்ச்சி அங்கேயே தொடங்கிவிடும். வீட்டில் சேமிப்பகம் உடையோர் அத்தாளைப் பெட்டியின் அருகே வைத்துக்கொள்வது நலம். தடை நேரும்போது அத்தாளோடு ஒப்பிட்டு, ஒருமுறைக்கு ஒன்றை மட்டும் மாற்றி, மாற்றியதை நாளிட்டுக் குறித்து வைக்க வேண்டும். பலவற்றை ஒருங்கே மாற்றினால், கதவு திறந்தாலும் எந்தச் சாவி திறந்தது என்பது தெரியாமற்போகும்.