சூடேறும் பிளக்: காரணம் அறியும் முறை

சிவசமுத்திரத்தில் காவிரி நீர்வீழ்ச்சியைக் கொண்டு 1902ஆம் ஆண்டில் உற்பத்தி செய்யத் தொடங்கிய மின்சாரம், முதலில் கோலார் தங்கச் சுரங்கங்களுக்கே அனுப்பப்பட்டது. 1905ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் அம்மின்சாரம் பெங்களூர்த் தெருக்களில் விளக்கேற்றியது. விளக்கு எரிவதற்குச் சிறிதளவு மின்னோட்டமே போதும். இன்றோ அந்நகரின் குளிர்ந்த காலை வேளையில், வீடுதோறும் வெந்நீருக்காகக் கீசர் ஓடுகிறது. விளக்கிற் செல்வதைப் போலப் பன்மடங்கு மின்னோட்டம் ஒரு பிளக்கின் இரண்டு பித்தளை முளைகளின் வழியே சென்றாக வேண்டியிருக்கிறது.

இத்தகைய பிளக் சூடேறிக் கறுப்பதையும், சில வேளைகளில் உருகுவதையும் பலர் கண்டிருப்பர். பிளக்கை மட்டும் மாற்றிவிட்டு அமைதியடைவதே வழக்கம். ஆனால் சில வாரங்களில் புதிய பிளக்கும் கருகிவிடுகிறது. நோயின் மூலத்தை அறியாது செய்யும் சிகிச்சை பயன்படாது என்பது இங்கும் பொருந்தும்.

உஷ்ணம் எங்கிருந்து வருகிறது?

மின்னோட்டம் ஒரு தடையின் வழியே செல்லும்போது உஷ்ணம் பிறக்கிறது. மின்னோட்டத்தின் வர்க்கத்தைத் தடையால் பெருக்கினால், ஒவ்வொரு விநாடியும் பிறக்கும் உஷ்ணத்தின் அளவு கிடைக்கும். இது ஜூல் என்னும் ஆங்கில விஞ்ஞானி கண்ட விதி.

2,000 வாட் கீசர், 230 வோல்ட் மின்சாரத்தில் ஏறக்குறைய 8.7 ஆம்பியர் எடுத்துக்கொள்ளும். முளையும் சாக்கெட்டினுள் இருக்கும் பித்தளைப் பிடியும் இறுகப் பொருந்தி, அவ்விடத்துத் தடை 0.005 ஓம் அளவில் இருப்பின், அங்கே பிறக்கும் உஷ்ணம் அரை வாட்டுக்கும் குறைவு. பிடி தளர்ந்து தடை 0.1 ஓம் ஆகிவிட்டால், உஷ்ணம் ஏறக்குறைய 7.6 வாட் ஆகிறது. காற்றோட்டமில்லாத சிறு அடைப்புக்குள் இது மிகுதியே. அதே சாக்கெட்டில் 750 வாட் இஸ்திரிப் பெட்டியைச் செருகினால் அவ்விடத்து உஷ்ணம் ஒரு வாட் அளவே. இஸ்திரிப் பெட்டிக்குக் குற்றமின்றி இருக்கும் சாக்கெட், கீசருக்குக் கருகுவதன் காரணம் இதுதான்.

இதில் ஒரு தீய சுழலும் உண்டு. சூட்டினால் பித்தளையின் மேற்பரப்பில் ஆக்ஸைடு படிகிறது. பிடியின் வில்விசை குன்றுகிறது. இவற்றால் தடை மேலும் உயர்கிறது. தடை உயர்வதால் சூடும் உயர்கிறது.

பியூஸ் ஏன் காப்பதில்லை?

பிளக் எரியுமுன் பியூஸ் போய்விடும் என்று பலர் நம்புகின்றனர். இது தவறான நம்பிக்கை. பியூஸ் அறிவது மின்னோட்டத்தின் மிகுதியை மட்டுமே. இங்கே மின்னோட்டம் மிகவில்லை. இணைப்பில் தடை கூடுவதால் அது இம்மியளவு குறையவே செய்கிறது. தானாக அணையும் எம்.சி.பி. ஸ்விட்சும், மின்கசிவைக் கண்டு துண்டிக்கும் கருவியும் இக்குற்றத்தை உணரமாட்டா. ஆகவே மனிதனின் கவனமே இங்கு முதற்காவல்.

குற்றம் காணும் வகை

மின்சாதனங்களைச் சோதிக்கும் மத்திய அரசின் மின்சக்தி ஆராய்ச்சி நிலையம் 1960ஆம் ஆண்டு முதல் பெங்களூரில் இயங்கிவருகிறது. ஆயினும் வீட்டளவில் கண்ணும் மூக்கும் கையுமே நமக்குக் கருவிகள்.

பிளக் கறுத்திருந்தாலோ, மீன் நாற்றம் போன்ற கருகல் வாடை வீசினாலோ, சாதனத்தை மீண்டும் ஓட்டலாகாது. அவ்வாறில்லையெனில் கால் மணி நேரம் ஓடவிட்டு, ஸ்விட்சையும் மெயின் ஸ்விட்சையும் அணைத்தபின் பிளக்கை உருவுக. முளைகளைத் தொடாமல் புறங்கையை அருகிற் கொண்டுசென்று சூட்டை ஒப்பிடுக.

1. ஒரு முளை மட்டும் மிகச் சூடாயிருப்பின், அம்முளைக்குரிய பிடியோ, அதனோடு சேர்ந்த திருகாணியோ தளர்ந்துள்ளது.

2. இரு முளைகளும் ஒயரும் ஒரே அளவில் சூடாயிருப்பின், தாங்கும் அளவுக்கு மிஞ்சிய மின்னோட்டம் செல்கிறது. 6 ஆம்பியர் சாக்கெட்டில் கீசரைச் செருகுவதும், ஒரே சாக்கெட்டிலிருந்து பல சாதனங்களுக்குக் கிளை பிரிப்பதும் இதற்குக் காரணங்கள்.

3. ஒயர் பிளக்கினுள் நுழையும் இடத்தில் சூடு மிகுந்திருப்பின், உட்புறத் திருகாணி தளர்ந்திருக்கலாம். அல்லது ஒயரின் இழைகள் சில அறுந்திருக்கலாம். இழைகளுக்கு ஈயப் பற்று வைத்து முடுக்குவதும் தவறு. ஈயம் நாளடைவில் நசுங்கி இடம் விட்டுவிடும்.

4. பெரிய முளையாகிய எர்த் முளையில் சாதாரணமாக மின்னோட்டம் இல்லை. அது சூடாயிருப்பின், அச்சூடு பக்கத்து முளையிலிருந்து பரவியதேயாகும்.

பரிகாரம்

கருகிய முளை புதிய சாக்கெட்டைக் கெடுக்கும். வில்விசை இழந்த சாக்கெட் புதிய பிளக்கைக் கெடுக்கும். ஆதலால் இரண்டையும் சேர்த்தே மாற்றுதல் வேண்டும். உப்புத்தாளால் தேய்த்தால் முளையின் கறுப்பு நீங்கும். சாக்கெட்டின் இழந்த இறுக்கம் மீளாது. ஐ.எஸ். 1293 என்னும் இந்தியத் தரத்திற்கு இணங்கிய 16 ஆம்பியர் பிளக்கும் சாக்கெட்டுமே கீசருக்கு ஏற்றவை. பழைய வீடுகளில் அலுமினியக் கம்பி இருப்பின், அது திருகாணியின் கீழ் நசுங்கித் தளரும் இயல்புடையது என்பதை நினைவிற் கொள்க. இவ்வேலைகளை உரிமம் பெற்ற மின் பணியாளரிடமே ஒப்படைக்க வேண்டும்.

வகுப்பறையில்

ஆசிரியர்கள் இவ்வுண்மையை மெயின் மின்சாரத்தைத் தொடாமலே விளக்கலாம். இரண்டு டார்ச் செல்கள், ஒரு டார்ச் பல்பு, சிறிது கம்பி ஆகியவற்றால் ஒரு சுற்று அமைத்து, இடையில் துருவேறிய ஆணி ஒன்றைச் சேர்க்கச் செய்க. பல்பு மங்கும், அல்லது எரியாமலே இருக்கும். ஆணியைச் சுரண்டி இறுக்கிப் பிடித்தால் ஒளி பெருகும். இணைப்பின் தூய்மையும் இறுக்கமுமே தடையைக் குறைக்கின்றன என்பதை மாணவர் நேரிற் காண்பர்.

களப்பணியாளர் வீடுகளுக்குச் செல்லும்போது, "கீசரை அணைத்தபின் பிளக் சுடுகிறதா?" என்று ஒரு கேள்வி கேட்டால் போதும். சுடுகிறது என்று விடை வருமாயின், பியூஸ் போகவில்லையே என்று அவ்வீட்டார் வாளாவிருத்தல் தகாது என்பதை எடுத்துரைக்க வேண்டும்.