70 தாண்டினால் சாமி பார்க்கக் கூடாதா? வேன் பேசிக் கிளம்பும் தாத்தா – பாட்டிகள்!

காசிக்குப் போய் வர நாள் வேண்டும். காசு வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக முழங்கால் வேண்டும். மூன்றும் இல்லாத வயசாளிகள் என்ன செய்வார்கள்? பத்துப் பதினைந்து பேர் ஒன்று சேர்ந்து ஒரு வேன் பேசுவார்கள். விடிகாலையில் கிளம்பி, விளக்கு வைத்துக் கொஞ்ச நேரத்தில் வீடு திரும்பி விடுவார்கள்!

புதுவையை அடுத்த வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் இப்படி ஒரு நாள் யாத்திரைக்கு ஊர் ஊராகப் போக வேண்டியதில்லை. வீட்டு வாசலிலேயே ஆயிரம் வருஷத்துச் சாமி இருக்கிறது.

சர்க்கார் வண்டி வராதா என்று கேட்கலாம். தமிழ்நாட்டில் வருகிறது. அங்கே அறநிலையத்துறை 2024 ஜனவரியில் முதியவர்களை ஆறுபடை வீடுகளுக்கு இலவசமாக அழைத்துப் போகத் தொடங்கியது. நல்ல காரியம். ஆனால் வயது 60 முதல் 70 வரைதான்! 71 ஆகிவிட்டால் முருகன் வேண்டாம் என்று சொல்லி விடுவானா, என்ன? தவிர, அது தமிழ்நாட்டுத் திட்டம். பாகூர் பக்கம் ரோட்டுக்கு இந்தப் புறம் புதுவை, அந்தப் புறம் கடலூர் மாவட்டம் என்று எல்லை பின்னிக் கிடக்கிறது. அந்தப் புறத்துக் கிழவருக்குக் கிடைப்பது இந்தப் புறத்துக் கிழவருக்குக் கிடைக்காது.

ரயிலில் போகலாம் என்றால் அங்கேயும் கை விரிப்பு. 60 வயது ஆண்களுக்கு 40 சதவீதமும், 58 வயது பெண்களுக்கு 50 சதவீதமும் இருந்த கட்டணச் சலுகையை 2020 மார்ச்சில் கொரோனாவைக் காட்டி நிறுத்தினார்கள்.

ஆகவே, சொந்தக் காசில் வேன்!

கவர்னர் இழுத்த தேர்

முதல் தரிசனம் வில்லியனூர் திருக்காமீஸ்வரர், கோகிலாம்பிகை. சோழர் காலத்துக் கோயில். வைகாசியில் இங்கே ஓடும் தேருக்கு ஒரு தனிப் பெருமை உண்டு. பிரெஞ்சு ஆட்சியில் வெள்ளைக்கார கவர்னரே வந்து வடம் பிடித்து இழுப்பார். 1954 நவம்பர் 1-ல் பிரெஞ்சுக் கொடி இறங்கியது. ஆனால் வடம் பிடிக்கும் வழக்கம் நிற்கவில்லை. கவர்னர் போய், துணைநிலை ஆளுநர் வந்தார். அவ்வளவுதான்! "தேருக்கு எந்த சர்க்காரா இருந்தா என்னா? கை இருந்தா போதும்" என்பார்கள் பெரிசுகள்.

தேர்க் கூட்டத்தில் முதியவர்கள் போய் மாட்டிக்கொள்ளக் கூடாது. சாதாரண நாளில், காலையில் நடை திறந்ததும் போனால் நிம்மதியாகச் சேவிக்கலாம்.

அங்கிருந்து திருக்காஞ்சி. சங்கராபரணி ஆற்றங்கரையில் கங்கைவராக நதீஸ்வரர். 'காசிக்கும் வீசம் அதிகம்' என்று இந்தத் தலத்தைச் சொல்வார்கள். மாசி மகத்துக்கும் அமாவாசைக்கும் கரை கொள்ளாத கூட்டம். 2023 ஏப்ரல் 22 முதல் மே 3 வரை இங்கே புஷ்கரணி விழா நடந்தபோது வெளியூர்க்காரர்களும் திரண்டு வந்து முழுக்குப் போட்டார்கள்.

தாத்தாக்கள் இங்கே கொஞ்சம் அமைதியாகி விடுவார்கள். செத்துப் போன அப்பா, அம்மா, சிலருக்குப் பிள்ளை கூட, நினைவுக்கு வரும் இடம். அவசரப்படுத்தக் கூடாது. ஆனால் படியில் பாசி இருக்கும். கையைப் பிடித்துக்கொள்ள ஒரு வாலிபப் பையன் கட்டாயம் கூட வர வேண்டும்.

ஏரிக்கரையில் கட்டுச் சோறு

நடை சாத்துவதற்குள் பாகூர் போய்ச் சேர வேண்டும். உச்சிக் காலம் முடிந்து பூட்டி விட்டால் மாலைதான் திறப்பார்கள். மூலநாதரும் வேதாம்பிகையும் குடிகொண்ட கோயில் இது. தொல்லியல் துறைப் பாதுகாப்பில் இருக்கிறது. அடித்தளத்தில் ஆடும் பெண் சிற்பங்கள் சின்னச் சின்னதாக வரிசை கட்டி நிற்கின்றன. குனிந்து பார்த்தால்தான் தெரியும். குனிய முடியாதவர்களுக்குப் பேரன்தான் சொல்ல வேண்டும்.

பாகூரின் பெயர் வெளிநாட்டு அறிஞர்களுக்கும் தெரியும். ஒன்பதாம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்தில் இங்கே ஒரு கல்விச்சாலை இருந்தது. அதற்கு மூன்று கிராமங்களைத் தானமாக எழுதி வைத்த செப்பேடு கிடைத்திருக்கிறது. 'பாகூர் செப்பேடு' என்றால் சரித்திர வாத்தியார்கள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

சோறு கட்டிக்கொண்டு வந்திருந்தால் ஏரிக்கரைதான் சாப்பாட்டுக் கூடம். புதுவையில் ஊசுட்டேரிக்கு அடுத்த பெரிய ஏரி இது. பெண்ணையாற்றுத் தண்ணீர் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாக வருகிறது. சிங்காரி, பங்காரி என்ற இரண்டு தாசிகள் சொத்தை விற்று வாய்க்கால் வெட்டிய கதையை எந்தப் பாட்டியிடம் கேட்டாலும் புளியோதரையைக் கையில் வைத்துக்கொண்டே சொல்வாள்.

தலையில் துண்டு கட்டு!

"இதெல்லாம் நம்ம சாமி. டர்பன் கட்டினவங்க சாமி எப்படி இருக்கும்?" ஊர்க் கோயில் எல்லாம் பார்த்து முடித்தவர்கள் இப்படிக் கேட்பது நியாயம்தான். அதற்கு இன்னொரு நாள் ஒதுக்க வேண்டும். சென்னை தியாகராயநகர், ஜி.என். செட்டி ரோட்டில் இருக்கிறது சீக்கியர்களின் குருத்வாரா. வேளச்சேரியில் 1971-ல் குருநானக் கல்லூரியை ஏற்படுத்திய அதே சபையினர் நடத்துவது. போக மூன்றரை மணி, வர மூன்றரை மணி.

தி.நகர் என்றதும் பாட்டிகளுக்கு ஜவுளிக் கடை ஞாபகம் வரும். அதை முளையிலேயே கிள்ள வேண்டும்! வேண்டுமானால் பக்கத்திலேயே வெங்கடநாராயணா ரோட்டில் திருப்பதி தேவஸ்தானத்துப் பெருமாள் கோயில் இருக்கிறது. காலையில் பெருமாள், பகலில் குருத்வாரா. கணக்குச் சரியாகி விடும்.

உள்ளே சிலை கிடையாது. குரு கிரந்த சாகிப் என்ற புனித நூல்தான் மேடையில் வீற்றிருக்கும். பத்தாவது குரு கோவிந்த சிங் 1708-ல், தமக்குப் பிறகு இந்த நூலே குரு என்று சொல்லிவிட்டார். இதில் சீக்கிய குருமார்களின் பாட்டு மட்டும் இல்லை. கபீர், நாமதேவர், செருப்புத் தைத்துப் பிழைத்த ரவிதாசர், முஸ்லிம் ஞானி பரீத் எல்லாருடைய பாட்டும் உண்டு.

முதல் குரு நானக் (1469 – 1539) இலங்கை போய்த் திரும்பும் வழியில் ராமேசுவரத்தில் தங்கினார் என்பது சீக்கியர்களின் நம்பிக்கை. அங்கேயும் ஒரு குருத்வாரா உண்டு.

போகிறவர்கள் கவனிக்க: செருப்பைக் கழற்றி, கை கால் கழுவி, தலையை மூட வேண்டும். ஆணுக்குத் துண்டு, பெண்ணுக்கு முந்தானை. பீடிக் கட்டு, பொடி டப்பா, வெற்றிலைப் பையில் இருக்கும் புகையிலை, எல்லாவற்றையும் வேனிலேயே வைத்துவிட வேண்டும். சீக்கிய மதத்தில் புகையிலைக்குத் தடை. "பொடி கூடவா?" என்று கேட்டால், ஆமாம், பொடி கூடத்தான்!

கோதுமை மாவு, சர்க்கரை, நெய் சேர்த்துக் கிண்டிய பிரசாதத்தை இரண்டு கையும் ஏந்தி வாங்க வேண்டும். சர்க்கரை வியாதிக்காரர்கள் 'கொஞ்சம் போதும்' என்று ஜாடை காட்டினால் யாரும் கோபிக்க மாட்டார்கள்.

அப்புறம் லங்கர் என்ற சாப்பாட்டுப் பந்தி. தரையில் ஒரே வரிசை. ரொட்டி, பருப்பு, காய். காசு கிடையாது, சாதி கிடையாது. அக்பர் பாதுஷா மூன்றாவது குரு அமர்தாசைப் பார்க்க வந்தபோது அவரும் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்ட பிறகே பார்த்தார் என்று சொல்கிறார்கள். பல் இல்லாதவர்கள் ரொட்டியைப் பருப்பில் ஊறப் போட்டால் இதமாக இறங்கும். சம்மணம் போட முடியாதவர்கள் தொண்டு செய்பவர்களிடம் முன்னாலேயே சொல்லிவிட வேண்டும்.

தண்ணீர் குடிக்காத பாட்டிகள்

எங்கே போனாலும் ஒரு விஷயம் மட்டும் மாறாது. வழியில் ஒதுங்க இடம் கிடைக்காதோ என்று பயந்து பாட்டிகள் தண்ணீரே குடிப்பதில்லை. சிலர் பிரஷர் மாத்திரையையும் வீட்டிலேயே வைத்துவிட்டு வருகிறார்கள். வெயில் ஏறியதும் தலை சுற்றல். "சாமி வந்துருச்சு" என்று மற்றவர்கள் கும்பிடுவார்கள். வந்தது சாமி இல்லை, மயக்கம்!

ஒன்றரை மணிக்கு ஒரு தடவை கழிப்பறை இருக்கும் பெட்ரோல் பங்க்காகப் பார்த்து நிறுத்துவேன் என்று டிரைவரிடம் முதலிலேயே பேசி வாங்கிக்கொள்ள வேண்டும். அதை வேனில் ஏறும்போதே எல்லார் காதிலும் போட்டுவிட வேண்டும். அப்போதுதான் செம்பைத் தொடுவார்கள்.

கோயில் எண்ணிக்கையில் பேராசையும் வேண்டாம். 'ஒரே நாளில் ஒன்பது கோயில்' என்று நோட்டீஸ் அடிக்கிறார்கள். ஒன்பது தடவை ஏறி, ஒன்பது தடவை இறங்க வேண்டும். நாலாவது கோயிலில் பாதிப் பேர் வேனிலேயே உட்கார்ந்து விடுவார்கள். கேட்டால் "நான் இங்கேருந்தே கும்பிட்டுக்கறேன், நீங்க போங்க" என்பார்கள். கொடுத்த காசு மற்றவர்கள் கொடுத்த அதே காசு!

வேன் படி உயரமாக இருந்தால் ஒரு சின்ன முக்காலியைக் கூடவே எடுத்துப் போங்கள். முன் சீட்டு யாருக்கு என்ற சண்டையை மட்டும் யாராலும் தீர்க்க முடியாது. வாந்தி எடுப்பவருக்கா, வயதில் மூத்தவருக்கா என்று கிளம்பும் முன்பே சீட்டுக் குலுக்கிப் பார்த்து விடுவது உத்தமம்.