படைமறுத்தோரும் அண்டைச் சமூகங்களும்: ஜார்ஜியா, கசகஸ்தான் நிலைமைகள் (2022–2023)

2022 செப்டம்பர் 21 அன்று ரஷ்யக் குடியரசுத் தலைவர் விளாதிமிர் பூட்டின் பகுதியளவுப் படைதிரட்டலை அறிவித்தார். 3,00,000 சேமப்படையினர் அழைக்கப்படுவர் எனப் பாதுகாப்பு அமைச்சர் தெரிவித்தார். உடனே ஜார்ஜிய எல்லையின் மேல் லார்ஸ் சாவடியில் ஊர்திகள் பல கிலோமீட்டர் நீளத்திற்குக் காத்து நின்றன. ஒரு வாரத்திற்குள் ஏறத்தாழ 98,000 ரஷ்யர் நுழைந்ததாகக் கசகஸ்தான் அரசு அறிவித்தது. இவ்வருகை அண்டைச் சமூகங்களில் மனக்கசப்பை விளைவித்தமைக்கான காரணத்தை இக்கட்டுரை விளக்குகிறது.

வெளியேறியோர் ஒரே வகையினர் அல்லர். பணியிலிருந்த படையை விட்டு நீங்கியோர், படை அழைப்பைத் தவிர்த்தோர், அரசியல் கருத்தால் நாடு துறந்தோர் என அவர்களைப் பகுக்கலாம். படையை விட்டு நீங்கியமை மட்டுமே ஒருவரை அகதியாக்காது என்பது ஐ.நா. அகதிகள் ஆணையகத்தின் 1979ஆம் ஆண்டுக் கையேட்டின் நிலைப்பாடு. எனினும், அப்படை நடவடிக்கை அடிப்படை மனித நடத்தை நெறிகளுக்கு முரணானதென உலக நாடுகளால் கண்டிக்கப்பட்டிருப்பின், அதற்கான தண்டனையைத் துன்புறுத்தலாகக் கொள்ளலாம் என்றும் அது கூறுகிறது. ஆனால், இவ்விரு நாடுகளுக்கும் வந்தோருள் பெரும்பாலோர் விசா தேவையற்ற பயணிகளாகவே நுழைந்தனர். வந்த காரணம் வினவப்படாமையால், படைமறுத்தவரும் சுற்றுலாப் பயணியும் உள்ளூரார் பார்வையில் ஒருவராயினர்.

ஜார்ஜியாவில் 2008 ஆகஸ்ட் போரின் நினைவு இன்னும் ஆறவில்லை. அந்நாட்டின் ஐந்திலொரு பங்கு நிலமான அப்காசியாவும் தெற்கு ஒசேத்தியாவும் ரஷ்யப் படைகளின் பிடியில் உள்ளன. இந்நிலையில் வந்தோரின் பணத்தால் 2022இல் பொருளாதாரம் 10 விழுக்காட்டிற்கு மேல் வளர, திபிலீசியில் வீட்டு வாடகையும் கடுமையாக உயர்ந்தது. ஆதாயம் வீட்டு உரிமையாளருக்கும் வங்கிகளுக்கும் சென்றது. சுமை மாணவர் மீதும் வாடகைக் குடியினர் மீதும் விழுந்தது. நகரச் சுவர்களில் ரஷ்ய எதிர்ப்பு வாசகங்கள் பெருகின.

நம்பிக்கையற்ற சூழலால் வருவோரைப் பேணவேண்டும் என்றார் கசகஸ்தான் தலைவர் தொகாயெவ். ஆயினும் 2023 சனவரியில், 180 நாள்களில் 90 நாள்களே தங்கலாம் என்ற வரம்பு நடைமுறைக்கு வந்தது. எல்லைக்கு வெளியே சென்று உடனே திரும்பித் தங்கலை நீட்டிக்கும் வழி அதனால் அடைபட்டது. அதற்கு முந்தைய மாதமே, சட்டவிரோதமாக எல்லை கடந்து புகலிடம் கோரிய ரஷ்யப் பாதுகாப்புப் பணி அதிகாரி ஒருவர் திருப்பி அனுப்பப்பட்டு, பின்னர் அங்குச் சிறைத்தண்டனை பெற்றார்.

எனவே மனக்கசப்பின் வேர் வந்தோரின் எண்ணிக்கையில் மட்டும் இல்லை. காரணம் கேளாத வரவேற்பு, கடவுச்சீட்டும் பணமும் உடையோருக்கே பயன்பட்டது. புகலிடம் மிகுதியாகத் தேவைப்பட்ட படைநீங்கியவருக்கு அது கிட்டவில்லை. விருந்தோம்பலின் விலையைச் செலுத்திய உள்ளூர் ஏழையரும் காப்பற்ற அவரும் ஒரே கொள்கைக் குறையால் பாதிக்கப்பட்டோரே.