தணலில் கனியும் தித்திப்பு

காட்டு நடுவே கூடாரம். கூடாரத்துக்கு முன்னால் நெருப்பு. நெருப்பைச் சுற்றிப் பத்துப் பதினைந்து சிறுவர் சிறுமியர். ஒவ்வொருவர் கையிலும் ஒரு நீண்ட குச்சி. குச்சியின் நுனியில் பஞ்சுருண்டை போல் வெள்ளை வெளேரென்று ஒரு மிட்டாய். கோடை விடுமுறை வந்துவிட்டால், அமெரிக்காவின் காடுகளிலும் ஏரிக்கரைகளிலும் இந்தக் காட்சியைச் சர்வ சாதாரணமாகக் காணலாம்.

அங்கே சமையற்கட்டு கிடையாது, வாணலி கிடையாது, நெய்யும் கிடையாது. ஆனாலும் இரவுச் சாப்பாடு முடிந்ததும் எல்லாருக்கும் சுடச்சுட இனிப்பு கிடைத்துவிடுகிறது. அதைச் செய்கிறவர் சமையற்காரர் அல்லர். தின்னப்போகும் குழந்தைகளே செய்துகொள்கிறார்கள்!

"நெருப்பண்டை போகாதே" என்று வீட்டில் அதட்டும் தாய்மார்கள், முகாமில் மட்டும் குழந்தையின் கையில் குச்சியைக் கொடுத்து அனுப்புவானேன்? நாக்குக்கு இனிப்பு வேண்டும் என்பது ஒரு காரணம். நெருப்பை ஆளப் பழக வேண்டும் என்பது அதைவிடப் பெரிய காரணம்.

"இன்னும் கொஞ்சம்!"

முகாம் இனிப்புகளில் முதலிடம் 'ஸ்மோர்' என்பதற்குத்தான். 'சம் மோர்', அதாவது 'இன்னும் கொஞ்சம்' என்ற சொற்கள் மருவி வந்த பெயர் இது. அமெரிக்காவில் சாரணியர் இயக்கத்தை ஜூலியட் கார்டன் லோ என்ற அம்மையார் 1912-ல் சவானா நகரில் தொடங்கினார். அந்த இயக்கம் 1927-ல் வெளியிட்ட ஒரு கையேட்டில் இதன் செய்முறை அச்சாகியிருக்கிறது. எட்டுப் பேருக்கு எட்டுக் குச்சிகள், பதினாறு பிஸ்கோத்துகள், எட்டுச் சாக்லெட் பாளங்கள், பதினாறு மார்ஷ்மெல்லோ மிட்டாய்கள், இதுதான் அளவு. பெயர் என்னவோ 'இன்னும் கொஞ்சம்'. கணக்குப் பார்த்தால் ஆளுக்கு ஒன்றுதான்!

மிட்டாயைத் தணலில் வாட்டி, இரண்டு பிஸ்கோத்துகளுக்கு நடுவே சாக்லெட்டோடு வைத்து அமுக்கினால் வேலை முடிந்தது. மிட்டாயின் சூட்டில் சாக்லெட் இளகி வழியும்.

இந்தப் பிஸ்கோத்தின் கதை வேடிக்கையானது. சில்வெஸ்டர் கிரகாம் என்ற பாதிரியார் 1830-களில் உணவுக் கட்டுப்பாட்டைப் பற்றி ஊர் ஊராகப் பிரசங்கம் செய்தார். தவிடு நீக்காத கோதுமை மாவையே உண்ண வேண்டும்; இறைச்சியும் மசாலாவும் மனிதனைக் கெடுக்கும் என்பது அவருடைய உபதேசம். அப்பேர்ப்பட்டவரின் பெயரைத் தாங்கிய 'கிரகாம்' பிஸ்கோத்துதான் இன்று சாக்லெட்டையும் சர்க்கரை மிட்டாயையும் சுமந்துகொண்டு நிற்கிறது!

மார்ஷ்மெல்லோவோ ஒரு காலத்தில் மருந்துச் சரக்கு. ஈர நிலத்தில் வளரும் ஒரு செடியின் பெயர் அது. அதன் வேரிலிருந்து வரும் கொழகொழப்பான சாறு தொண்டைக் கரகரப்புக்கு மருந்தாயிற்று. 19-ம் நூற்றாண்டில் பிரெஞ்சு மிட்டாய்க்காரர்கள் அந்தச் சாற்றைச் சர்க்கரையோடும் முட்டையின் வெள்ளைக் கருவோடும் அடித்து நுரைக்கவைத்தார்கள். பின்னாளில் செடி போய்விட்டது. பெயர் மட்டும் நின்றது. இன்று வேர்ச் சாற்றின் இடத்தில் இருப்பது ஜெலட்டின். மாட்டுத் தோல், பன்றித் தோல், எலும்பு ஆகியவற்றிலிருந்து எடுக்கப்படும் பொருள் அது. ஆகவே மரக்கறி உண்பவர்கள் உறையைப் படித்துவிட்டு வாங்குவது நல்லது. அவர்களுக்கென்றே கடற்பாசி முதலியவற்றைக் கொண்டு செய்த மிட்டாய்களும் கிடைக்கின்றன.

அவசரக்காரனுக்குக் கரி

வாட்டுவது எளிதுதானே என்று எண்ணிவிடக் கூடாது. புதிதாக வந்த பையன் கொழுந்துவிட்டு எரியும் ஜுவாலையில் நேரே குச்சியை நீட்டுவான். மிட்டாய் குபீரென்று பற்றிக்கொள்ளும். ஊதி அணைத்துப் பார்த்தால் மேலே கரி. உள்ளே குளிர்ந்த மாவு போல் அப்படியே இருக்கும். காரணம் என்ன? அந்த மிட்டாய் முழுவதும் காற்றுக் குமிழிகள். கம்பளிக்குள் குளிர் புகாதது போல, குமிழிகளைத் தாண்டிச் சூடு எளிதில் உள்ளே புகாது. மெல்ல மெல்லத்தான் இறங்கும்.

அனுபவசாலி, ஜுவாலை அடங்கும் வரையில் காத்திருப்பான். சுள்ளி பற்றி, விறகு எரிந்து, செக்கச் சிவந்த தணலாக முக்கால் மணி நேரம் கூட ஆகலாம். பிறகு தணலுக்கு ஒரு சாண் உயரத்தில் குச்சியைப் பிடித்து நிதானமாகத் திருப்பிக்கொண்டே இருப்பான். மேல்புறம் பொன்னிறமாகும், உள்ளே பாகாக இளகும். விறகிலும் தராதரம் உண்டு. பைன் மரம் பிசின் நிறைந்தது. புகையும் கரியும் கக்கும். ஓக், மேப்பிள் போன்ற வைர மரங்களே நின்று கனலும். கருவேல விறகின் அருமை தெரிந்த நம்மவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அடுப்பு அணைந்த பின் சாம்பலில் சர்க்கரைவள்ளிக் கிழங்கைப் புதைத்து வைத்த நம் பாட்டிமார்களும் இந்த ரகசியம் அறிந்தவர்களே.

மூடிமேல் தணல்

பெரியவர்கள் செய்யும் முகாம் இனிப்பு வேறு. அதற்கு 'டச்சு அவன்' என்ற வார்ப்பிரும்புப் பாத்திரம் வேண்டும். மூன்று கால்கள், கனமான மூடி, மூடியைச் சுற்றி ஒரு விளிம்பு. மூடிமேல் தணலைக் குவித்தால் சரிந்து விழாமல் இருப்பதற்காக அந்த விளிம்பு. இங்கிலாந்தில் ஆப்ரகாம் டார்பி என்பவர் மணல் அச்சில் இரும்புப் பானை வார்க்கும் முறைக்கு 1707-ல் காப்புரிமை பெற்றார். அதன் பிறகு இத்தகைய பாத்திரங்கள் மலிவாகக் கிடைக்கலாயின. அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் குடியேறியவர்களுக்கு இதுவே அடுப்பும் அண்டாவும். யூட்டா மாநிலம் 1997-ல் இதைத் தன் அதிகாரபூர்வமான சமையல் பாத்திரமாகவே அறிவித்துவிட்டது!

பீச் அல்லது ஆப்பிள் துண்டங்களைச் சர்க்கரையோடு அடியில் பரப்புவார்கள். அதன்மேல் வெண்ணெய் சேர்த்துப் பிசைந்த மாவை இடுவார்கள். 'காப்ளர்' என்ற இந்தப் பண்டம் வேக முக்கால் மணி நேரம் பிடிக்கும். பன்னிரண்டு அங்குலப் பாத்திரத்துக்கு ஏறக்குறைய இருபத்து நான்கு கரித்துண்டுகள் என்பது கணக்கு. அவற்றில் பதினாறு மூடியின் மேல். எட்டு மட்டுமே கீழே. சர்க்கரை எளிதில் அடிப்பிடிக்கும். மேல்மாவோ நன்றாகச் சிவக்க வேண்டும். ஆகவேதான் இந்தப் பங்கீடு. பிரியாணிக்குத் 'தம்' போடுகிறவர்கள் மூடிமேல் நெருப்பு வைக்கிறார்களே, அதே சூட்சுமந்தான்!

பாத்திரமே இல்லையென்றால்? வாழைப்பழத்தைத் தோலோடு நீளவாக்கில் கீறி, சாக்லெட் துண்டுகளைச் செருகி, அலுமினியத் தாளில் சுற்றித் தணலோரம் வைத்தால் பத்து நிமிஷத்தில் களி போன்ற இனிப்பு தயார். ஜெர்மனியில் பிசைந்த மாவைக் கயிறு போல் திரித்துக் குச்சியில் சுற்றி வாட்டுகிறார்கள். ஆஸ்திரேலியாவில் மாடு மேய்த்துத் திரிந்தவர்கள், மாவையும் தண்ணீரையும் பிசைந்து சாம்பலில் சுட்ட 'டாம்பர்' ரொட்டியைச் சர்க்கரைப் பாகில் தோய்த்துத் தின்றார்கள்.

கடைசிப் பாடம்

தின்று முடித்ததும் பாடம் முடிந்துவிடவில்லை. உண்மையான சோதனை அப்போதுதான் தொடங்குகிறது.

1950-ல் நியூ மெக்சிகோ மாநிலத்தின் காட்டில் பெருந்தீ மூண்டது. தீயணைக்கச் சென்றவர்கள், கருகிய மரமொன்றைப் பற்றிக்கொண்டிருந்த கரடிக் குட்டியைக் கண்டார்கள். அதன் பாதங்கள் வெந்துபோயிருந்தன. சிகிச்சை செய்து, வாஷிங்டன் மிருகக்காட்சி சாலைக்கு அனுப்பினார்கள். காட்டுத்தீத் தடுப்புப் பிரசாரத்துக்காக 1944 முதல் சுவரொட்டிகளில் இடம்பெற்றிருந்த கரடியின் பெயரையே அதற்கும் சூட்டினார்கள். 'ஸ்மோக்கி' என்ற அந்தக் கரடி 1976 வரையில் உயிர் வாழ்ந்து, லட்சக்கணக்கான குழந்தைகளைச் சந்தித்தது. அமெரிக்காவில் மூளும் காட்டுத்தீக்களில் பெரும்பாலானவற்றுக்கு மனிதனே காரணம். சரியாக அணைக்காத முகாம் நெருப்பும் அந்தக் காரணங்களில் ஒன்று.

தணல் மேலே சாம்பல் பூத்து, அணைந்தது போல் ஏமாற்றும். நள்ளிரவில் ஒரு காற்று வீசினால் போதும். மறுநாள் காடு இராது. ஆகையால் அணைப்பதற்கும் முறை வகுத்திருக்கிறார்கள். முதலில் தண்ணீரை ஊற்ற வேண்டும். கரித்துண்டுகளைக் குச்சியால் கிளறிப் புரட்ட வேண்டும். மறுபடியும் தண்ணீர் ஊற்ற வேண்டும். 'உஸ்' என்ற சத்தம் அடங்க வேண்டும். கடைசியாகப் புறங்கையை அருகில் கொண்டுபோய்ப் பார்க்க வேண்டும். சூடு தெரிந்தால் மறுபடியும் தண்ணீர்தான்! வறட்சிக் காலத்தில் பல காடுகளில் நெருப்பு மூட்டவே தடை போட்டுவிடுகிறார்கள். நம் நாட்டிலும் காப்புக் காடுகளில் அனுமதியின்றி நெருப்பு மூட்டுவது சட்டப்படி குற்றம். ஆசையுள்ளவர்கள் வீட்டுக் கொல்லையில், கூரையும் வைக்கோற்போரும் இல்லாத இடத்தில், பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரோடு செய்து பார்க்கலாம்.

ஜுவாலையைக் கண்டு ஆவல் கொள்ளாமல், தணலுக்காகக் காத்திருக்கும் பிள்ளைக்கு நல்ல இனிப்பு கிடைக்கிறது. தின்ற பின்னும் எழுந்து ஓடாமல், வாளியைத் தூக்கி வரும் பிள்ளையால் காடு பிழைக்கிறது. குச்சியைப் பிடிக்கக் கொடுக்கும் பெரியவர்கள், வாளியைத் தூக்கவும் கற்றுக்கொடுக்க வேண்டும்.